வில்லனுக்கு முகம் கிடையாது

திரைப்படத் துறைத் தலைவர் எங்களைத் திட்டிக்கொண்டே இடது கையை நீட்டினார். காபிக் கோப்பையைத் தேடிப் போன கை வெறும் மேஜையைத் தடவிவிட்டுத் திரும்பியது. கோப்பை அவருக்கு வலது பக்கம் இருந்தது. அந்தக் கோபத்தையும் சேர்த்து எங்கள் மேலேயே காட்டினார்.

"துப்பறியறவங்களா? உங்கள யாரு கூப்பிட்டா? திருடினது யாருன்னு எனக்கே தெரியும். தெரிஞ்ச விஷயத்தைக் கண்டுபிடிக்க ரெண்டு பேரா?"

"தெரியாத விஷயமெல்லாம் எங்களுக்குச் சரிப்பட்டு வராது சார்," என்றேன்.

அண்ணி என் காலை மிதித்தார்.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணன் மனைவி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த காலமெல்லாம் பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பவர்களைப் பிடித்தே பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் நிறுவனம் ஆரம்பித்தார். நானும் அப்போது சும்மாதான் இருந்தேன். ஆனால் என்னால் சும்மா இருக்க முடிந்தது. அது பொறுக்காமல் என்னை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டார்.

எங்களைக் கூப்பிட்டவர் ஜன்னலோரம் தண்ணீர் பாட்டிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. அவருக்குப் பக்கத்தில் அழுது அழுது மூக்கு சிவந்த ஒரு பெண். அவருடைய அக்கா மகள். அக்கா வீட்டிலேயே தங்கி, அவளைத் தோளில் தூக்கி வளர்த்த தாய்மாமா அவர். காலையில் எங்கள் அலுவலகத்துக்கு ஓடி வந்து, "என் அக்கா பொண்ணைத் திருடின்னு சொல்றாங்க மேடம், நீங்கதான் காப்பாத்தணும்" என்று அழுத அழுகையில் எங்கள் நாற்காலியே நனைந்துவிட்டது.

திருட்டுப் போனது ஒரு ஹார்ட் டிஸ்க். விலையைப் பார்த்தால் பெரிய விஷயமில்லை. உள்ளே இருந்ததுதான் விஷயம். இந்தத் துறையில் சினிமா கற்றுக்கொள்ளும் பிள்ளைகள் முழுப் படம் எடுப்பதில்லை. குழு குழுவாகச் சேர்ந்து ஒரு த்ரில்லரின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்கவேண்டும். மீதிப் படமே கிடையாது என்பதால், கொலை செய்தவன் யார் என்பது டைரக்டருக்கே தெரியவேண்டியதில்லை. முழுப் படம் எடுக்கிற பெரியவர்கள் சிலரும் இந்தச் சலுகையை அனுபவித்து வருகிறார்கள்.

எல்லாக் குழுக்களின் படமும் அந்த ஒரே டிஸ்க்கில் இருந்தது. கடைசி நேரத்தில் யாரும் திருத்தக்கூடாது என்று கம்ப்யூட்டர்களில் இருந்ததையெல்லாம் தலைவரே அழிக்கச் சொல்லிவிட்டாராம். பாதுகாப்பு என்றால் அப்படி ஒரு பாதுகாப்பு.

"சாயந்திரம் ஹால்ல படம் போடணும். பசங்களோட வீட்டு ஆளுங்க எல்லாரும் வர்றாங்க," என்றார் தலைவர். "அதுக்குள்ள டிஸ்க் வரலன்னா இந்தப் பொண்ணு பேரை அடிச்சிடுவேன். நாளையிலேர்ந்து இவ இந்தத் துறையில கிடையாது. வேற எங்கயும் சேரவும் முடியாது. நான் எழுதப்போற எழுத்து அப்படி."

பெண் புதிதாக அழ ஆரம்பித்தாள். மாமா பாட்டிலைத் திறந்து நீட்டினார்.

"இவதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் அண்ணி.

"பூட்டு உடையல. ஒரு சாவி என்கிட்ட. இன்னொரு சாவி இவகிட்ட. என் அறையிலதான் படம் எடுப்பேன்னு கெஞ்சி வாங்கிட்டுப் போனா. அதோட, படத்துல ஏதோ தப்பு இருக்கு, மறுபடி எடுக்க இன்னொரு நாள் வேணும்னு நேத்து வந்து நின்னா. முடியாதுன்னேன். ராத்திரி போய் காலையில பாத்தா டிஸ்க்கைக் காணோம். படம் போடறது தள்ளிப் போனா யாருக்கு லாபம்? இவளுக்குத்தான்."

"சாவி ராத்திரி பூரா வீட்ல என் பையிலதான் இருந்துச்சு," என்றாள் பெண், விக்கிக்கொண்டே.

"பாத்தீங்களா, அவளே ஒத்துக்கறா!"

அண்ணி அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில்தான் முன்பெல்லாம் கடைசி பெஞ்சில் துண்டுச் சீட்டை விழுங்குவார்கள். "அறையில வேற ஏதாவது கலைஞ்சிருந்துச்சா?"

"ஒண்ணுமே கலையல. வெச்சது வெச்ச இடத்துல இருக்கு. திருட்டுலயும் ஒரு ஒழுங்கு," என்று சொல்லிக்கொண்டே தலைவர் மறுபடியும் இடது கையை நீட்டினார். மறுபடியும் வெறும் மேஜை.

"நீங்க இடது கைப் பழக்கமா சார்?"

"ஆமா. அதுவும் குற்றமா?"

"நேத்து போகும்போது கோப்பையை எங்க வெச்சீங்க?"

"எங்க வைப்பேன்? எப்பவும் வைக்கற இடத்துலதான். இதோ, இங்க..." இடது பக்கம் மேஜையைத் தட்டியவர் பாதியில் நிறுத்தினார். பிறகு வாசலைப் பார்த்து, "அட்டெண்டர்! கோப்பையை நீ ஏன்யா நகர்த்தினே?"

"நான் எங்க சார் நகர்த்தினேன்?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். "தடயம், யாரும் எதையும் தொடக்கூடாதுன்னு காலையிலயே கத்திட்டீங்க. தொடப் பாக்கறது நீங்க ஒருத்தர்தான்."

அண்ணி மேஜையருகே போனார். கோப்பையைத் தூக்கி, அலமாரி மேல் வைத்தார். அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு சின்னச் சதுரம் ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டினார்.

"டேப் ஒட்டிப் பிரிச்ச பசை. தூசி பிடிச்சிருக்கு. மேஜை விளக்கு எப்பவும் இப்படிச் சுவரைப் பாத்துதான் நிக்குமா?"

"சுவரைப் பாத்தா நான் எப்படிப் படிக்கறது?"

"இந்த நாற்காலி?"

"அது அந்தப் பக்கம்தான் இருக்கும். அதான் காலையிலேர்ந்து முட்டியில இடிக்குதா!" தலைவர் முட்டியைத் தடவிக்கொண்டார். வெச்சது வெச்ச இடத்தில் இருக்கிறது என்று அடித்துச் சொன்ன மனிதர். இவர்தான் பிள்ளைகளுக்கு எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுக்கிறாராம்.

"உன் படத்தை எதுலயாவது பாக்க முடியுமாம்மா?" என்று கேட்டார் அண்ணி.

பெண் போனை எடுத்தாள். வெட்டி ஒட்டும்போது கம்ப்யூட்டர் திரையைப் போனில் பிடித்து வைத்ததாம். சத்தம் கிடையாது, படமும் ஆடியது. நாங்கள் தலைகளை ஒட்டிக்கொண்டு பார்த்தோம்.

ஜன்னலில் மழை. (வெளியே ஹோஸ் பைப்பைப் பிடித்து மழை பெய்தது தான்தான் என்று அட்டெண்டர் வாசலிலிருந்தே உரிமை கோரினார்.) காரிடாரில் ஒரு ஷூ. அடுத்த ஷூ. இரண்டும் மாறி மாறி நடந்துகொண்டே இருந்தன. காரிடார் அவ்வளவு நீளமில்லை, இயக்கம் அவ்வளவு நிதானம். கதவு திறக்கிறது. மேஜை, விளக்கு, கோப்பை. கையுறை போட்ட ஒரு கை கோப்பையை எடுக்கிறது, வைக்கிறது. விளக்கு அணைகிறது. இருட்டில் படத்தின் பெயர்.

"ஷூவுக்கு நடிச்சது யாரு?" என்றேன்.

"மாமா," என்றாள் பெண்.

"சின்ன ரோல்தான்," என்றார் மாமா தரையைப் பார்த்து.

"சின்னதா சார்? மொத்தப் படமும் உங்க காலடியிலதான் கிடக்கு," என்றேன். அவர் சிரிக்கவில்லை. கலைஞர்களுக்கு நகைச்சுவை உணர்ச்சி குறைவு.

அண்ணி படத்தைத் திரும்ப ஓடவிட்டார். "கோப்பை முதல்ல இடது பக்கம் இருக்கு. கை வந்த உடனே வலது பக்கம் போயிடுது. பேய்ப் படமா?"

அவ்வளவுதான். பெண்ணுக்கு மடை திறந்துகொண்டது. "அதான் ஆன்ட்டி தப்பு! அதைத்தான் மறுபடி எடுக்கறேன்னு சார்கிட்ட கெஞ்சினேன். முதல் நாள் மாமா வெளிய காரிடார்ல நடக்கறதையும், உள்ள ஆளில்லாத மேஜையையும் எடுத்தோம். கோப்பை சார் வெச்ச மாதிரியே இடது பக்கம் இருந்துச்சு. ரெண்டாவது நாள் எனக்குக் காய்ச்சல். எங்க குழு கேமராமேனும் மாமாவும் மட்டும் வந்து கை ஷாட் எடுத்தாங்க. வெளிச்சம் நல்லா விழுதுன்னு கோப்பையை வலது பக்கம் மாத்திட்டான். கண்டின்யூட்டி போச்சு. ஒரு ஷாட்ல இருந்த பொருள் அடுத்த ஷாட்லயும் அதே இடத்துல இருக்கணும் ஆன்ட்டி, அதுதான் முதல் பாடமே!"

அண்ணி போனில் படத்தை நிறுத்தி, மேஜையைப் பார்த்தார். போனைப் பார்த்தார். மறுபடி மேஜையைப் பார்த்தார். கோப்பை இருந்த இடம், விளக்கு திரும்பிய பக்கம், நாற்காலி நின்ற கோணம். எல்லாம் படத்தில் இருந்தபடியே அறையில் இருந்தன.

அதைச் சொல்லியும் விட்டார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஆக, திருடினது இந்தக் குழுவுல ஒருத்தர்!" தலைவர் மேஜையைக் குத்தினார். "நான் சொன்னதையே நீங்க நிரூபிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி. கிளம்பலாம்."

காப்பாற்ற வந்த இடத்தில் அந்தப் பெண்ணின் கழுத்தில் கயிற்றை நாங்களே ஒழுங்காக மாட்டிவிட்டோம். அவள் அண்ணியை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு வலித்தது.

"அண்ணி, நம்ம யாரு பக்கம்னு ஒரு தடவை ஞாபகப்படுத்திக்கலாமா?" என்று காதில் கேட்டேன்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க தம்பி," என்றார் அண்ணி. பிறகு தலைவரிடம் திரும்பினார். "கோப்பை வலது பக்கம் போயிடுச்சேன்னு இந்தப் பொண்ணு மறுபடி எடுக்கத் துடிச்சிருக்கா. நேத்து உங்க முன்னால வந்து கெஞ்சியிருக்கா. இவளே திருடிட்டு மேஜையை அடுக்கியிருந்தா எந்தப் பக்கம் வெச்சிருப்பா?"

தலைவர் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

"செத்தாலும் இடது பக்கம்தான் வைப்பேன்," என்றாள் பெண்.

"அப்ப, வலது பக்கம்தான் சரின்னு நினைக்கற ஆளு யாரு? கேமராமேனைக் கூப்பிடுங்க."

கேமராமேன் வந்தான். உடம்பு முழுக்கப் பைகள் வைத்த ஒரு சட்டை, அறைக்குள்ளும் கழற்றாத தொப்பி. படிப்பு முடியவே இல்லை, அதற்குள் பெரிய ஆளாகிவிட்ட நடை. தப்பு அவனுடையது, ஹாலில் பெரிய திரையில் அது தெரியப்போகிறது, டிஸ்க் காணாமல் போனால் அவனுக்கும் நல்லதுதான். நான் மனதுக்குள் அவனுக்கு விலங்கே மாட்டிவிட்டேன்.

அண்ணி அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்து அவனிடம் கொடுத்தார். "ரெண்டாவது நாள் இது எங்க இருந்துச்சோ, அதே இடத்துல வை தம்பி."

அவன் மேஜைக்கு எதிர்ப்பக்கம், கேமரா இருந்திருக்கக்கூடிய இடத்தில் போய் நின்றான். இரண்டு கை விரல்களையும் சேர்த்துக் கட்டம் கட்டி ஒரு கண்ணை மூடினான். வைத்தான். தள்ளினான். இழுத்தான். கடைசியில் கோப்பை பசைச் சதுரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தது.

"கோப்பை வைக்கற இடத்துக்கு அடையாளமா ஒட்டின டேப்பைப் பிரிச்சிட்டா எனக்கு எப்படி மேடம் தெரியும்?" என்றான் எரிச்சலோடு. "நான் கேமராவுக்குள்ள பாக்கற ஆளு. அந்த இடம் மேஜையில உக்காந்து நடிச்சவருக்குத்தான் தெரியும்."

"அதுவும் சரிதான்," என்றார் அண்ணி. கோப்பையை எடுத்து ஜன்னலோரம் நீட்டினார். "சார், ஒரு சின்ன உதவி. அன்னிக்கு நடிச்ச மாதிரியே ஒரு தடவை நடிச்சுக் காட்டறீங்களா?"

மாமாவின் முகம் மலர்ந்தது. எவ்வளவு துக்கத்திலும் நடிக்கச் சொன்னால் மனிதனுக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது. தலைவரை எழுப்பிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். முதுகை நிமிர்த்தினார். பார்வையை ஜன்னல் மேல் நிறுத்தினார். கோப்பையைத் தூக்கி, இல்லாத காபியை ஒரு வாய் குடித்து, ஜன்னலைப் பார்த்தபடியே கீழே வைத்தார்.

பசைச் சதுரம் முழுசாக மறைந்தது.

"இன்னொரு தடவை," என்றார் அண்ணி.

மறைந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை."

அதே இடம். ஒரு மயிரிழை பிசகவில்லை.

"பாத்தீங்களா!" என்றான் கேமராமேன் பெருமையாக. "அன்னிக்குப் பகல் பூரா பழக்கினேன். வில்லன் கோப்பையைப் பாக்கவே கூடாது, கை தானா போகணும்னு சொல்லிச் சொல்லி..." சொல்லிக்கொண்டே வந்தவன் தொப்பியைக் கழற்றினான். புரிந்துவிட்டது. கொஞ்சம் தாமதமாக எனக்கும் புரிந்தது.

அண்ணி குரலை உயர்த்தவில்லை. "தேடினவருக்கு அவசரம். மேஜை மேல இருந்ததையெல்லாம் எடுத்துக் கீழ வெச்சாரு. டிஸ்க் கிடைச்சதும், யாரும் வந்து போனதே தெரியக்கூடாதுன்னு திருப்பி அடுக்கினாரு. சார் கோப்பையை எங்க வைப்பாருன்னு அவருக்குத் தெரியாது. முதல் நாள் அவர் காரிடார்ல நடந்ததோட சரி, மேஜை பக்கமே வரல. அவர் கைக்குத் தெரிஞ்ச இடம் இது ஒண்ணுதான். சாவி வீட்ல பையில இருந்திருக்கு. அதே வீட்லதான் அவரும் இருக்காரு."

மாமாவின் கை இன்னும் கோப்பை மேலேயே இருந்தது. பெண் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் எழுந்து போய் தன் சாப்பாட்டுப் பையைத் திறந்தார். டப்பாவுக்கு அடியிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய டிஸ்க்கை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஆபீஸ் பூரா சொல்லிட்டேன்மா," என்றார். "வில்லன் நான்தான்னு. இந்த மீசையே அதுக்குத்தான் வளர்த்தேன். மேனேஜர்கூட வர்றேன்னாரு. முந்தாநாள் நீ வீட்ல போன்ல காமிச்சே. பாத்தேன், ஷூ வருது, கையுறை வருது. எப்ப நான் வருவேன்னு காத்துக்கிட்டே இருந்தேன். படமே முடிஞ்சிடுச்சு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"அவங்க எல்லாம் படத்தைப் பாத்துட்டு என்ன சொல்லுவாங்கன்னு அன்னிக்கு ராத்திரி பூரா தூங்கல. டிஸ்க் இல்லன்னா படம் போடமாட்டாங்க. ரெண்டு நாள் போனதும் எங்கயாவது கிடைச்ச மாதிரி வெச்சிடலாம்னு நினைச்சேன். பழி உன்மேல விழும்னு சத்தியமா நினைக்கலம்மா."

"அப்ப எங்களை எதுக்கு சார் கூப்பிட்டீங்க?" எனக்குத் தாங்கவில்லை.

"யாரோ விசாரிக்கறாங்கன்னா இவளை உடனே வெளிய அனுப்பமாட்டாங்கல்ல?" என்றவர் தயங்கினார். "உங்க போர்டைப் பாத்தேன். நீங்க கண்டுபிடிப்பீங்கன்னு தோணல."

அந்தப் போர்டைத் தூரிகை பிடித்து எழுதியது நான். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கதவு படாரென்று திறந்தது. கையில் பூச்செண்டோடு ஒரு கூட்டம். காப்பீட்டு அலுவலகமே கடையைக் கட்டிவிட்டு வந்துவிட்டது போலிருக்கிறது. "எங்க நம்ம வில்லன்? முதல் வரிசை எங்களுக்குத்தான், சொல்லிட்டோம்!" என்று ஒருவர் சத்தம் போட்டார். மாமா எப்படியோ சிரித்தார். "நீங்க போய் உக்காருங்க, வந்துடறேன்," என்றார். அட்டெண்டர் அவர்களை ஹால் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார்.

தலைவர் டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பேரை அடிக்கல," என்று உறுமினார். மன்னிப்புக் கேட்பது அவர் பாடத்திட்டத்தில் இல்லை. "இந்தா, நீயே கொண்டு போய்ப் போடு. உங்க மாமாவை என்ன பண்றதுன்னும் நீயே சொல்லு."

பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒரே ஒரு ஷாட்ல என் முகத்தை வெச்சிருக்கலாமேம்மா," என்றார் மாமா. இவ்வளவுக்குப் பிறகும் அவருக்கு அதுதான் கேட்கத் தோன்றியது.

"எடுத்தேன் மாமா. முதல் நாள் காரிடார்ல உங்க முகத்தை எத்தனை டேக் எடுத்தேன், ஞாபகம் இல்ல? முறைக்கச் சொன்னா உங்களுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிக்காம நின்னா பாவமா இருந்துச்சு. எந்த டேக்லயும் பயமே வரல. என்னை ஸ்கூல் வாசல்ல விட்டுட்டு மணி அடிக்கற வரைக்கும் நின்னுட்டு இருப்பீங்களே, அதே முகம்தான் வந்துச்சு. இந்த முகத்தைப் போய் வில்லன்னு யாரு நம்புவாங்க? அதான் வெட்டிட்டேன்."

மாமா தலையாட்டினார். மன்னித்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"காலையிலேர்ந்து இங்க உக்காந்து அழுதுக்கிட்டிருக்கேன்," என்றாள் அவள். "எல்லாரும் வந்து என்னைத் திருடின்னு பாத்துட்டுப் போனாங்க. நீங்க பக்கத்துலயே இருந்தீங்க. தண்ணி குடுத்தீங்க, முதுகைத் தடவி விட்டீங்க, அழாதேன்னு சொன்னீங்க. உங்க கால்கிட்டதான் அந்தப் பை இருந்துச்சு. அப்பவும் உங்க முகம் அதே மாதிரிதான் மாமா இருந்துச்சு. இப்பத்தான் எனக்குப் பயமா இருக்கு."

டிஸ்க்கை எடுத்துக்கொண்டு அவள் ஹாலுக்குப் போனாள். மாமா பின்னால் போக ஓர் அடி வைத்தார். கதவு அவர் முகத்துக்கு நேரே சாத்திக்கொண்டது.